பூனையின் கண் சிவந்தால்: தொற்றுநோயைப் படிப்படியாகக் கண்டறிவது எப்படி?

சுண்டு எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம் அதன் இடக்கண் சிவந்தது. தெருமுனை மருந்துக்கடையில் ‘கண் சிவப்புக்கு’ என்று கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி வந்தேன். இரண்டே நாளில் சிவப்பு வடிந்தது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. ஐந்தாம் நாள் கருவிழியின், அதாவது கண்ணின் முன்புறத்தை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற படலத்தின், நடுவில் பாலாடை படிந்தது போல ஒரு மங்கல் தெரிந்தது. கால்நடை மருத்துவர் முதலில் கண்ணைப் பார்க்கவில்லை. மருந்துப் புட்டியை வாங்கி அதன் லேபிளைப் படித்தார். டோப்ராமைசினோடு டெக்ஸாமெத்தசோன் கலந்த மருந்து. அதாவது, ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டு. சிவப்பை அடக்கியது ஸ்டீராய்டு. அது அடங்கியிருந்த ஐந்து நாளும் வைரஸ் கருவிழியின் மேல்தோலை அரித்துக்கொண்டிருந்தது. கண் பிழைத்தது, ஒரு வெள்ளைத் தழும்போடு.

அதன்பின் தெருப்பூனைகள், தெரிந்தவர் வீட்டுப் பூனைகள் என்று பலவற்றைக் கூடையில் வைத்து அதே மருத்துவரிடம் தூக்கிப் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர் ஒரே வரிசையில்தான் சோதிப்பார். அந்த வரிசைக்குக் காரணம் உண்டு; ஒரு படியை முன்பின்னாக மாற்றினால் அடுத்த படி பொய் சொல்லும். பூனை வளர்ப்பவர் வீட்டில் எதைப் பார்த்து வைக்க வேண்டும், சோதனை மேசையில் நடப்பதற்கு என்ன பொருள் என்ற இரண்டையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். வீட்டிலேயே வைத்தியம் பார்ப்பதற்கான குறிப்பு அல்ல இது.

முதலில் குற்றவாளிகளின் பட்டியல்

நாயின் கண் சிவந்தால் ஒவ்வாமை, கண்ணீர் வறட்சி, இமைக் கோளாறு என்று பல காரணங்களைத் தேட வேண்டும். பூனையின் கதை வேறு. இமையின் உட்புறத்தையும் வெள்ளை விழியையும் போர்த்தியிருக்கும் வெண்படலம் பூனைக்கு வீங்கிச் சிவந்தால், வேறு காரணம் கண்ணுக்குத் தெரியாதவரை தொற்று என்றே எடுத்துக்கொள்ளலாம்.

பட்டியலின் தலையில் இருப்பது பூனை ஹெர்பிஸ் வைரஸ். அடுத்தது கிளமிடியா ஃபெலிஸ் என்ற பாக்டீரியா. காலிசி வைரஸும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவும் அவற்றுக்குப் பின்னால் வருகின்றன. இவை வெளியிலிருந்து கண்ணைத் தாக்குபவை. உடலுக்குள் ஓடும் நோய் கண்ணுக்குள் தலைகாட்டுவது தனி வகை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

‘பூனைக்கு மெட்ராஸ் ஐ வந்திருக்கிறது’ என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மனிதர்களுக்கு அதைக் கொண்டுவரும் வைரஸ் வேறு. பூனை ஹெர்பிஸ் நம்மைத் தொற்றாது. நம் ஹெர்பிஸும் இதுவும் ஒன்றல்ல. கிளமிடியா மட்டும் அரிதாக மனிதர் கண்ணுக்கு வந்ததுண்டு. ஆகவே பீளையைத் துடைத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அது போதும்.

படி 1: எதையும் ஊற்றாதீர்கள், படம் எடுங்கள்

கண்ணில் தாய்ப்பால், விளக்கெண்ணெய், ஆறிய தேநீர், பாட்டி வைத்திருந்த சொட்டு மருந்து எதுவும் வேண்டாம். பீளையைக்கூட உடனே துடைத்துவிடாதீர்கள். அது தண்ணீர் போன்றதா, கோழை போன்றதா, பச்சை மஞ்சளாகக் கெட்டியானதா என்பது மருத்துவருக்குத் தேவையான தகவல். சன்னல் பக்கம் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், இரண்டு கண்ணும் ஒரே படத்தில் தெரியும்படி ஒரு புகைப்படம் எடுத்துவிட்டு, அதன்பிறகு வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடைக்கலாம். ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு.

கண் மூலையில் காய்ந்திருக்கும் செம்பழுப்புப் பொருக்கைப் பார்த்து ரத்தம் என்று பதறுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது காய்ந்த கண்ணீர்தான்.

படி 2: பூனையின் கதையைக் கேளுங்கள்

சோதனைகளில் மிக மலிவானது இதுதான்; அதிக விடை தருவதும் இதுதான் என்பது என் அனுபவம். வயது என்ன? தடுப்பூசி போட்டதா? வீட்டுக்குப் புதுப் பூனை வந்ததா? தும்மல் முதலில் வந்ததா, கண் முதலில் சிவந்ததா? ஒரு கண்ணா, இரண்டுமா? இதற்குமுன் இதே கண் இப்படிச் சிவந்திருக்கிறதா?

கடைசிக் கேள்வி ஹெர்பிஸைக் குறிவைப்பது. முதல் முறை இந்த வைரஸ் தொற்றும்போது தும்மல், காய்ச்சல், இரண்டு கண்ணிலும் நீர் என்று இரண்டு மூன்று வாரம் படுத்திவிட்டுப் போய்விட்டது போல இருக்கும். உண்மையில் அது போவதில்லை. முகத்துக்கு உணர்வு தரும் நரம்பின் முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்ளும். தொற்றிய பூனைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் வாழ்நாள் முழுக்க இப்படி வைரஸைச் சுமக்கின்றன. வீடு மாற்றுவது, விடுதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போவது, புதுப் பூனை வருவது, குட்டிக்குப் பால் கொடுப்பது, ஸ்டீராய்டு ஊசி போடுவது என்று ஏதாவது ஒன்று பூனையை உலுக்கினால், ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து அது எழுந்து வரும். அந்த ஒரு வார இடைவெளியால்தான் பலருக்குத் தொடர்பு தெரிவதில்லை. ‘நேற்று ஒன்றும் நடக்கவில்லையே’ என்பார்கள். கேட்க வேண்டியது போன வாரத்தைப் பற்றி. தீபாவளி முடிந்த அடுத்த வாரம், மருத்துவமனைத் திண்ணையில் கண்ணில் நீர் வடியும் பூனைகள் வரிசையாகக் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

படி 3: தொடாமல் பாருங்கள்

பூனையைப் பிடித்து இமையைத் திறப்பதற்கு முன், எதிரே ஒரு நிமிடம் உட்கார்ந்து முகத்தைப் பாருங்கள். பிடித்த பிறகு எல்லாப் பூனையும் கண்ணைச் சுருக்கும். பிடிக்காமலே சுருக்கினால்தான் வலி. வலியுள்ள கண்ணின் மேலிமை சற்றுத் தாழ்ந்திருக்கும், மூன்றாம் இமை மூக்குப் பக்கத்திலிருந்து வெள்ளைத் திரை போல ஏறியிருக்கும். இரண்டு கண்பாவையும் ஒரே அளவா என்று பாருங்கள். சிவந்த கண்ணின் பாவை மட்டும் கோடாகச் சுருங்கியிருந்தால், நோய் மேலோட்டமானதல்ல.

சிவப்பிலும் இரண்டு வகை உண்டு. இமையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தால், வெண்படலத்தின் நாளங்கள் கிளைகிளையாகப் பிரிந்து, படலத்தோடு சேர்ந்து நகரும்; இமையின் உட்புறமும் சிவந்திருக்கும். இது வெளித்தொற்று. கருவிழியைச் சுற்றி வளையம் போட்டது போல, நேர்கோடாக, நகராத கருஞ்சிவப்பு நாளங்கள் தெரிந்தால் கண்ணுக்குள் அழற்சி இருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 4: வாயைத் திறந்து பாருங்கள்

கண் நோய்க்கு வாயை ஏன் பார்க்க வேண்டும் என்று முதலில் நானும் கேட்டேன். நாக்கின் ஓரத்திலோ மேலண்ணத்திலோ புண் இருந்தால் சந்தேகம் காலிசி வைரஸ் பக்கம் சாய்கிறது. அதோடு ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்தால் இன்னும் வலுவாகச் சாய்கிறது. காலிசி பொதுவாகக் கருவிழியில் புண் உண்டாக்குவதில்லை. தும்மலும் மூக்கடைப்பும் பலமாக இருந்தால் ஹெர்பிஸ். கண் மட்டும் பயங்கரமாக வீங்கி, மூக்கு ஏறத்தாழச் சுத்தமாக இருந்தால் கிளமிடியா.

கிளமிடியாவின் முகத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது. வெண்படலம் தண்ணீர் கோத்து ஊதி, இளஞ்சிவப்புக் கொப்புளம் போல இமைக்கு வெளியே பிதுங்கும். கருவிழி அந்த வீக்கத்துக்கு நடுவில் புதைந்து கிடக்கும். ஆனால் கருவிழியில் புண் இராது. தொற்றிய சில நாளில் ஒரு கண்ணில் தொடங்கி, பெரும்பாலும் மற்றதற்கும் பரவும். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரையுள்ள, கூட்டமாக வாழும் பூனைகளே இதற்கு அதிகம் ஆளாகின்றன. பூனையோ நன்றாகச் சாப்பிட்டு விளையாடிக்கொண்டிருக்கும். எத்தனையோ பேர் இதைக் குளவி கொட்டியது என்று நினைத்துக் காத்திருந்திருக்கிறார்கள்.

படி 5: மேசையில் நடக்கும் வரிசை

இங்கேதான் முன்பின் மாறக்கூடாது. கண்ணில் ஒரு சொட்டு மருந்துகூட விழுவதற்கு முன்னால் கண்ணீரை அளக்க வேண்டும். ஜெர்மானியக் கண் மருத்துவர் ஓட்டோ ஷிர்மர் 1903இல் மனிதர்களுக்காக வகுத்த முறையைத் தழுவியதுதான் இன்றும் நடக்கிறது: உறிஞ்சு தாள் பட்டையின் நுனியைக் கீழிமைக்குள் கொக்கி போல மாட்டி, ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பார்கள். பூனைக்கு 15 மில்லிமீட்டர் அளவு வரும். ஆனால் பயந்த பூனைக்குக் கண்ணீர் சுரப்பு குறைந்துவிடும். நல்ல கண்ணிலும் எண் விழுந்துவிடுவதுண்டு. ஆகவே எண் குறைவு, கண்ணோ பளபளவென்று ஈரமாக இருக்கிறது என்றால் மருத்துவர் அதைப் பெரிதுபடுத்த மாட்டார்.

பிறகு பிசிஆர் (கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் சோதனை) அல்லது கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) மாதிரி எடுப்பது. சாயம் விட்டபின் எடுத்தால் சில சோதனைகள் குழம்பும். அதனால்தான் இது சாயத்துக்கு முன்.

அடுத்தது ஃபுளோரசின் சாயம். என்னைக் கேட்டால், சிவந்த கண்ணோடு வரும் எந்தப் பூனையும் இதைச் செய்துகொள்ளாமல் வீடு திரும்பக்கூடாது. அடால்ஃப் ஃபான் பேயர் 1871இல் ஆய்வகத்தில் உருவாக்கிய சாயம் இது. ஆரஞ்சு நுனி கொண்ட துண்டுக் காகிதத்தில் ஒரு சொட்டு சலைன் விட்டு, மேலிமைக்கு அடியில் வெண்படலத்தைத் தொடுவார்கள். பூனை இரண்டு முறை இமைக்கும். கண் முழுவதும் மஞ்சள் பரவும். உபரியைச் சலைனால் கழுவிவிட்டு, விளக்கை அணைத்து, நீல ஒளியை அடிப்பார்கள். கருவிழியின் மேல்தோல் எண்ணெய்ப் பசை கொண்டது. நீரில் கரையும் சாயம் அதில் ஒட்டாது. மேல்தோல் உரிந்த இடத்தில் அடியிலிருக்கும் அடுக்கு சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும். இருட்டில் அந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிரும்.

அந்தப் பச்சையின் வடிவமும் பேசும். கிளை பிரிந்த வேர் போலவோ மரக்கொப்பு போலவோ மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது ஹெர்பிஸின் கையெழுத்து. அப்படி வரைவது வேறு எதுவும் இல்லை என்றே சொல்லலாம். இந்தக் கோடுகள் மிக மெல்லியவை, தொற்றின் தொடக்கத்தில் மட்டும் தெரிபவை. சில நேரம் ஃபுளோரசினில் படாமல் ரோஸ் பெங்கால் என்ற இன்னொரு சாயத்தில் படும். சில நாள் கழித்துக் கோடுகள் இணைந்து, தேசப்படம் போல விரிந்த புண்ணாகிவிடும். சுண்டுவுக்கு நான் பார்த்தது அந்தத் தேசப்படம்.

புண்ணின் ஓரம் மட்டும் பச்சை வளையமாக ஒளிர்ந்து நடுவில் சாயம் ஏறாமல் இருட்டாக இருந்தால் நல்ல செய்தி என்று நினைத்துவிடாதீர்கள். புண் கடைசிப் படலம்வரை இறங்கிவிட்டது. அந்தப் படலம் சாயத்தை ஏற்பதில்லை. கண் எந்நேரமும் துளைபடலாம். அன்றே அறுவைசிகிச்சை தெரிந்தவரிடம் போக வேண்டிய நிலை அது.

சாயம் விட்ட சில நிமிடத்தில் மூக்கின் நுனியில் பச்சை எட்டிப் பார்த்தால் கண்ணீர்க் குழாய் திறந்திருக்கிறது. வராவிட்டால் அடைப்பு என்று முடிவு கட்ட முடியாது, வாய்க்குள் இறங்கியிருக்கலாம்.

இதற்குப் பின்னரே மரத்துப்போகும் சொட்டு, அதன்பின் கண் அழுத்தம். பூனைக்கு ஏறத்தாழ 10 முதல் 25 மி.மீ. பாதரசம் இயல்பு. உள் அழற்சியில் அழுத்தம் விழும், கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோயில் ஏறும். பாவையை விரிக்கும் மருந்து கடைசியில், விழித்திரையைப் பார்ப்பதற்காக.

படி 6: மாதிரியும் அது சொல்லும் பாதி உண்மையும்

பஞ்சுக்குச்சியால் பீளையை எடுத்து அனுப்பினால் பயனில்லை. கிளமிடியா செல்லுக்குள் வாழ்வது, ஹெர்பிஸும் அப்படியே. பீளையைத் துடைத்துவிட்டு, கீழிமைக்குள் சற்று அழுத்தி உருட்டிச் செல்களை எடுக்க வேண்டும். அதே இடத்தில் எடுத்த செல்களைக் கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது பழைய முறை என்றாலும் அன்றே விடை தருவது. நோய் தொடங்கிய முதல் இரண்டு வாரத்துக்குள் என்றால் செல்லுக்குள் கிளமிடியாவின் கொத்துகளைப் பார்க்க வாய்ப்புண்டு. ஈசினோஃபில் என்ற வகை வெள்ளை அணுக்கள் நிறைந்திருந்தால் வேறு பாதை: அது தொற்றல்ல, ஈசினோஃபிலிக் கெரடைட்டிஸ் என்ற கருவிழி அழற்சியாக இருக்கலாம்.

இப்போது பிசிஆர். பணம் கட்டி அனுப்பியவர்களுக்குப் பிடிக்காத செய்தி இது: ‘ஹெர்பிஸ் பாசிட்டிவ்’ என்ற தாள் தனியாக எதையும் நிரூபிப்பதில்லை. கண்ணில் ஒரு குறையும் இல்லாத பூனையும் வைரஸை அவ்வப்போது உதிர்க்கும். உயிருள்ள தடுப்பூசியின் வைரஸைக்கூட இந்தச் சோதனை பிடித்துவிடும். ‘நெகட்டிவ்’ வந்தாலும் ஹெர்பிஸ் இல்லை என்று ஆகாது. நாள்பட்ட கண்ணில் வைரஸ் மிகக் குறைவாக இருக்கும். கிளமிடியாவின் கதை நேர்மாறு. நல்ல கண்ணில் அது அரிதாகவே இருக்கும் என்பதால் பாசிட்டிவ் வந்தால் நம்பலாம். மைக்கோபிளாஸ்மா இரண்டுக்கும் நடுவில், நோயில்லாத கண்ணிலும் குடியிருக்கும் பேர்வழி.

அதனால் அனுபவமுள்ள மருத்துவர் பலமுறை பிசிஆர் கேட்பதே இல்லை. கதையும் முகமும் சாயமும் ஒரே திசையைக் காட்டினால் சிகிச்சையைத் தொடங்கிவிடுவார். ஒரே வீட்டில் பத்துப் பூனை இருக்கும்போதும், சரியான மருந்துக்குப் பிறகும் கண் தெளியாதபோதும் சோதனைக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

கண் திறக்காத குட்டி

குட்டிகள் பிறந்து 7 முதல் 14 நாளில் கண் திறக்கும். அதற்கு முன்பே மூடிய இமை பட்டாணி போலப் புடைத்து, மூலையில் ஒரு துளி சீழ் எட்டிப் பார்த்தால், இமைக்குப் பின்னால் சீழ் தேங்கியிருக்கிறது. ‘தானே திறக்கட்டும்’ என்று விட்டால் கருவிழி அந்தச் சீழிலேயே ஊறிக் கெடும். இமையை மெல்லத் திறந்து கழுவ வேண்டியது அன்றைக்கே. வெந்நீர்ப் பஞ்சால் நனைத்து நீங்களே பிரிக்கப் பார்க்காமல் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். பால்குடிக் குட்டிகளின் கண்ணில் ஹெர்பிஸ் போட்ட புண் ஆறும்போது வெண்படலம் கருவிழியோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. நிரந்தரமாக மங்கிய கண்ணோடு திரியும் தெருப்பூனைகளில் பலவற்றின் கதை இதுவாகத்தான் இருக்கும்.

படி 7: நோய் கண்ணுக்குள் இருந்தால்

பாவை சுருங்கி, ஐரிஸின் நிறம் மாறி, கண் அழுத்தம் விழுந்திருந்தால் அது யுவியைடிஸ் என்ற உள் அழற்சி. பச்சைக் கண் பூனையின் ஒரு கண் மட்டும் பழுப்பேறினால் பார்ப்பவர் ‘அழகாயிருக்கிறது’ என்பார்கள். மருத்துவர் சொல்ல மாட்டார். இருட்டில் மெல்லிய ஒளிக்கற்றையைக் கண்ணுக்குள் செலுத்தினால், தெளிந்த நீராக இருக்க வேண்டிய இடத்தில் தூசி பறக்கும் அறையில் விழும் வெயில் போலக் கற்றை தெரியும். கருவிழியின் உட்புறத்தில், அதிலும் கீழ்ப்பாதியில், கொழுப்புத் துளிகள் போலப் புள்ளிகள் ஒட்டியிருக்கும்.

இங்கே கண் ஒரு சாட்சி மட்டும். நோய் உடலில் இருக்கிறது. லுக்கீமியா வைரஸ், எஃப்ஐவி (பூனையின் நோயெதிர்ப்பைக் குறைக்கும் வைரஸ்) இரண்டுக்கும் ரத்தத் துளியில் சில நிமிடச் சோதனை உண்டு. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு எதிர்ப்பொருள் அளவைப் பார்ப்பார்கள். ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள் ஒருமுறை உயர்ந்திருந்தால் என்றோ தொற்றியதாகவும் இருக்கலாம், இரண்டு மூன்று வாரம் கழித்து நான்கு மடங்காக ஏறினால்தான் இப்போதைய தொற்று. இரண்டு வயதுக்கு உட்பட்ட பூனை, விடாத காய்ச்சல், எடை இறக்கம், கண்ணுக்குள் அழற்சி என்றால் எஃப்ஐபி என்ற பூனை கொரோனா வைரஸ் நோய் மனதில் வர வேண்டும். ரத்தத்தில் ஆல்புமின், குளோபுலின் என்ற இரண்டு புரதங்களுக்கும் உள்ள விகிதம் 0.4க்குக் கீழே இருந்தால் சந்தேகம் வலுக்கிறது, 0.8க்கு மேல் என்றால் பெரும்பாலும் விலகுகிறது. கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை புறா எச்சத்தில் வளர்வது. மூக்குத் தண்டு வீங்கி விழித்திரையும் கெட்டிருந்தால் அதன் ஆன்டிஜெனை, அதாவது பூஞ்சை விட்டுச்செல்லும் அடையாளப் பொருளை, ரத்தத்தில் தேடுவார்கள்.

பத்து வயது கடந்த பூனைக்குத் திடீரெனப் பார்வை போனாலோ கண்ணுக்குள் ரத்தம் கட்டினாலோ, தொற்றைத் தேடுவதற்கு முன் ரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். விழித்திரை பிரிந்திருக்கக்கூடும்.

தொற்று போல நடிப்பவை

மூன்றாம் இமைக்கு அடியில் சிக்கிய புல் விதை ஒரு கண்ணை மட்டும் வாரக்கணக்கில் சிவக்க வைக்கும். பாரசீகப் பூனைகளின் உள்நோக்கி மடிந்த இமை கருவிழியை உரசும். கருவிழியில் மை சொட்டியது போலக் கரும்புள்ளி வந்தால் அது அழுக்கல்ல, செத்துப்போன கருவிழித் திசு. இதுவும் பாரசீகத்தில் அதிகம், பின்னணியில் பழைய ஹெர்பிஸ் இருப்பதுண்டு. இவற்றையெல்லாம் ஆன்டிபயாட்டிக் சொட்டு தொடக்கூடச் செய்யாது.

படி 8: சிகிச்சையே கடைசிச் சோதனை

சாதாரண மேல்தோல் புண் ஒரு வாரத்துக்குள் மூட வேண்டும். மூடவில்லை என்றால் மருந்தை மாற்றுவதற்கு முன் ‘ஏன் மூடவில்லை’ என்று திரும்பவும் முதல் படியிலிருந்து தொடங்குவார் நல்ல மருத்துவர். ஆழமான புண் என்றால் மறுநாளே காட்ட வேண்டும். கிளமிடியாவுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை 4 வாரம், வீட்டிலுள்ள எல்லாப் பூனைக்கும். இரண்டாம் வாரமே கண் தெளிந்துவிட்டது என்று நிறுத்தியவர்கள் மறுபடி வருவார்கள். அந்த மாத்திரையை வெறுமனே விழுங்க வைத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். உடனே சில மில்லி தண்ணீரோ ஈர உணவோ கொடுங்கள். மனிதரின் ஹெர்பிஸுக்குத் தரும் வேலசைக்ளோவிர் மாத்திரை பூனைக்கு நஞ்சு. வலிக்குப் பாராசிட்டமாலும் கூடவே கூடாது, ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். லைசின் என்ற அமினோ அமிலப் பொடிக்காகச் செலவழிக்கும் பணத்தை இன்னொரு சாயச் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது ஹெர்பிஸைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை.

சுண்டுவின் தழும்பு இன்றும் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்தக் கண் நீர் வடிக்கும். ஒவ்வொரு முறையும் மருத்துவர் ஆரஞ்சு நுனிக் காகிதத்தைப் பிரித்து, விளக்கை அணைக்கச் சொல்கிறார். நீல ஒளியில் தழும்பு இருட்டாகவே இருந்தால் நாங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறோம்.